கண்ணாடி ரூமில் காலைக் காட்சி

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், நான் ஜோவினின் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழகான காது. மேல்நுனி கொஞ்சம் மடங்கி, உள்ளே போகப் போக ரோஸ் நிறமாகி, சங்குக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. பிறந்த அன்றைக்கு பவுலின் மாமி டவலை விலக்கி முதலில் பார்த்தது இந்தக் காதைத்தான். எம் மவன் காது, அப்படியே இருக்கு பாரு என்றார்கள், நர்ஸும் குனிந்து பார்த்துவிட்டு ஆமா என்றாள். வெளியே எப்படி இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தோம். என் மகனுக்குக் காது கேட்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மனதுக்குள்ளேகூட இதை இப்படி ஒரு முழு வாக்கியமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை, சொன்னதும் உள்ளங்கை வேர்த்து அவன் சட்டையில் துடைத்துக்கொள்கிறேன். தீபாவளி அன்றைக்கு எதிர்வீட்டு வாசலில் அணுகுண்டு வெடித்தது, அவர்கள் நாய் எங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது, நானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், இவன் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கினான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ ஒன்று சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றது, அதற்குப் பிறகு அது உட்காரவே இல்லை. இந்தப் படத்தின் கடைசியில் ஒரு கப்பல் ஹாரன் அடிக்குமாம். டிக்கெட் கொண்டுவந்த பெண் சொன்னாள், தியேட்டரே அதிரும்க்கா, பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கோங்க, பயந்து வீறிட்டுரும் என்று. பயந்துவிட்டால் போதும். வீறிட்டு அழுதுவிட்டால் இந்தக் கிறிஸ்மஸுக்கு எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதற்காகத்தான் வந்திருக்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

நெப்டியூன் தியேட்டரில் பின்பக்கம், ஆபரேட்டர் ரூமை ஒட்டி, கைப்பிள்ளைக்காரிகளுக்கென்று இந்தக் கண்ணாடி ரூம் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, தலைக்கு மேலே சின்னதாக ஒரு ஸ்பீக்கர், சுவரில் மங்கலாக ஒரு பல்பு, நாலு நாற்காலி. பிள்ளை அழுதால் வெளியே கேட்காது, நமக்குப் படம் தெரியும். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இங்கே உட்கார்ந்துதான் பாதிப் படம் பார்த்திருக்கிறார்கள். மீன்தொட்டி மாதிரி என்று நினைக்கிறேன், நாங்கள் மீனா, வெளியே இருப்பவர்கள் மீனா தெரியவில்லை. கான்வென்ட் பழைய மாணவிகள் சங்கம் நடத்துகிற காட்சி இது, காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் காது மெஷின் வாங்குவதற்கு. அந்தப் பிள்ளைகளையே கூட்டிவந்து முதல் வரிசைகளில் உட்கார வைத்திருக்கிறார்கள், நீல யூனிபார்ம், ஆளுக்கொரு பலூன். வரும்போதே நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தேன். பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேனா, சீ, அப்படி நினைக்கவில்லை, ஆனால் பார்க்காமல்தான் வந்தேன். பலூன் தூக்கலாக நின்று பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று மாமி ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்ச் சிரித்துக்கொண்டே பிடுங்கி, எல்லாவற்றையும் கொத்தாகக் கட்டி இந்தக் கண்ணாடிக்கு வெளியே கம்பியில் தோரணமாகத் தொங்கவிட்டார்கள். சங்கத்துக்கு மாமிதான் பொருளாளர், தோரணம் கட்டுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. அந்தப் பிள்ளைகளின் டீச்சர் எஸ்தர் என்று ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், ஓடிவந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்கிறாள், மாமி தலையை ஆட்டுகிறார்கள், அவள் ஒரு பலூனை அவிழ்த்து மாமியின் இரண்டு கையிலும் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்கிறாள், மேடையில் யாரோ மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமியின் முகம் சட்டென்று மாறியது. திரும்பி என்னைப் பார்த்தார்கள், என்னையா, என் மடியையா. பிறகு பலூன்களையெல்லாம் அவிழ்த்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே நீட்டினார்கள். பிள்ளை கையில கொடு, சும்மா வச்சிக்கிட்டு இருக்காதே என்றார்கள், அவ்வளவுதான், கதவு மூடிக்கொண்டது. நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. மஞ்சள் பலூன். நாற்காலிக் கையில் நூலைச் சுற்றிவைத்தேன்.

படம் ஆரம்பித்துவிட்டது. தலைக்கு மேலே ஸ்பீக்கர் டமார் என்று கத்துகிறது, பக்கத்து நாற்காலிப் பெண்ணின் குழந்தை உடம்பெல்லாம் தூக்கிப்போட்டு அழுகிறது, அவள் சலித்துக்கொண்டே தோளில் போட்டுத் தட்டுகிறாள், எதுக்கெடுத்தாலும் இப்படித்தான் அலறுது, ஒங்க பிள்ளை எவ்வளவு தங்கமா இருக்கு என்கிறாள். என் பிள்ளை அந்தக் குழந்தையின் ஈரமான வாயை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தங்கம். தங்கம் தட்டினால் சத்தம் வரும். திரையில் பனி. பனி, பனி, ஒரு கப்பல் ஐஸில் சிக்கி நிற்கிறது, கரையில் ஓர் ஊர், அங்கே ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தி. கேப்டன் தமிழில் பேசுகிறார், மெட்ராஸ்காரர் மாதிரி பேசுகிறார், சமையல்காரரின் பூனை மட்டும் டப்பிங் இல்லாமல் கத்துகிறது. கிறிஸ்மஸுக்குள் வீட்டுக்குப் போக முடியுமா என்பதுதான் கதை, போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சேவியோ எங்கே இருக்கிறான் இப்போது, ஏதோ ஒரு கடலில், இன்ஜின் ரூமில், காதில் மஞ்சள் பஞ்சை அடைத்துக்கொண்டு. எங்க வேலையில பாதிப் பேருக்குக் காது போயிரும் டெல்மா என்று கல்யாணமான புதிதில் சொன்னான், சாதாரணமாகச் சொன்னான், சோப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. வீடியோ காலில் வந்தால் ஜோவின் போனைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரிப்பான், அப்பன் கொரலக் கண்டுபிடிச்சிட்டான் பாரு என்று சேவியோ கண் கலங்குவான். போன வாரம் சிக்னல் போய்ப் படம் நின்றுவிட்டது, குரல் மட்டும் வந்தது, ஜோவின், ஜோவின், அப்பா பேசுறேன்டா என்று. இவன் கறுத்துப்போன போனை விட்டுவிட்டு என் செயினைப் பிடித்து விளையாடினான். சிரிக்கிறானா என்று சேவியோ கேட்டான். சிரிக்கிறான் என்றேன். செயினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதானே இருந்தான்.

ஆனால் போன புத்தாண்டு. அதை நினைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் என் கையில் இருக்கிற ஒரே சாட்சி. வருஷம் பிறக்கிற நேரத்தில் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களெல்லாம் ஒன்றாக ஹாரன் அடிக்கும், ஊர் முழுக்க ஒரு பெரிய மாடு கத்துகிற மாதிரி. நான் மாதா கோயில் வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றேன், ஹாரன் வந்தது, இவன் உள்ளே துள்ளினான். உதை இல்லை, துள்ளல், முழு உடம்பும். மாமியின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன், கேக்குது அவனுக்கு என்று மாமியும் நானும் சேர்ந்து சிரித்தோம். அப்படியென்றால் அப்போது கேட்டிருக்கிறது. அப்போது கேட்டது எப்படிப் போகும். ஞானஸ்நானத்தில் போயிருக்குமோ. அன்றைக்கு நிறையப் பிள்ளைகள், சாமியார் அவசரத்தில் இருந்தார், ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டைவிரலால் காதையும் வாயையும் தொட்டு, காது திறந்து வாய் திறந்து வாழ வேண்டும் என்று ஜெபம் சொல்வார்கள் இல்லையா, இவனுக்கு வாயைத் தொட்டார், காதைத் தொட்டாரா, குல்லாவின் மேல் தொட்டாரா. குல்லாவைக் கழற்றியிருக்க வேண்டும். நான்தான் குளிருமே என்று விட்டுவிட்டேன். இப்படியெல்லாம் யோசிக்கிறவள் பைத்தியக்காரி என்று எனக்குத் தெரியும், சிஸ்டர்மார் என்னை நன்றாகத்தான் படிக்க வைத்தார்கள், காதுக்குள் இருக்கிற மூன்று எலும்பையும் படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவள் நான். எலும்பு தெரியும், குல்லாவையும் விட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் சைலன்ஸ் லீடர். சட்டையில் பேட்ஜ் குத்தியிருப்பேன். பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும், வகுப்பு அமைதியாக இருந்தால் சிஸ்டர் கொர்னேலியா எட்டிப் பார்த்துத் தலையசைப்பார், சொர்க்கம் இப்படித்தான் இருக்கும் கேர்ள்ஸ் என்பார். சொர்க்கம் இப்படித்தான் இருக்கும். ஜோவின் என் மடியில் உட்கார்ந்து தன் விரலைத் தானே திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

பக்கத்துப் பெண் எழுந்து போய்விட்டாள், குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. கதவு திறந்து மூடுகிற அந்த நேரத்துக்குள் தியேட்டரின் சத்தமெல்லாம் உள்ளே வந்து போயிற்று. இப்போது நானும் இவனும் மட்டும். வெளியே பால்கனி ஓரத்தில் மாமி உட்கார்ந்திருக்கிறார்கள், படம் பார்க்காமல் அடிக்கடி திரும்பி இங்கே பார்க்கிறார்கள். மாமிக்கு என் மேல் கோபம். இரண்டு மாதமாகக் கோபம். வாயால் ஒன்றும் சொல்வதில்லை, பாத்திரத்தில் காட்டுகிறார்கள். நான் ஜோவினைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் போதும், அடுப்படியில் கரண்டி விழும், குக்கர் மூடி விழும், ஒருநாள் பித்தளைச் சட்டியே விழுந்தது. கதவைச் சாத்தினால் சுவர் அதிரச் சாத்துகிறார்கள். என் அம்மாவிடம் போனில் சொன்னேன், எல்லா வீட்டிலும் இதுதான்டி, காதுல வாங்காதே என்றாள். காதில் வாங்காதே. நான் செய்வது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்றும் ஒரு பயம். நானும் போடுகிறேனே. மாமி கடைக்குப் போனதும் எவர்சில்வர் தட்டை எடுத்து இவன் முதுகுக்குப் பின்னால் தரையில் போடுவேன். தட்டு சுழன்று சுழன்று அடங்கும். ஒருநாள் திரும்பிப் பார்த்தான், நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன், பிறகுதான் தெரிந்தது, தட்டில் பட்ட வெயில் எதிர்ச்சுவரில் ஓடியிருக்கிறது, அதைத்தான் பார்த்திருக்கிறான். தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் கேட்டாள், சத்தம் வந்தா திரும்புறானா. என் வாய் திறந்தது. எனக்கு முன்னால் மாமி சொல்லிவிட்டார்கள், நல்லா திரும்புவானே, கில்லாடில்லா இவன் என்று. அவ்வளவு வேகமாக மாமி எதற்கும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் அவர்கள் மேல் எனக்கு என்ன ஒரு நன்றி வந்தது, வீடு வரும் வரைக்கும் இருந்தது, வீட்டுக்கு வந்ததும் பயமாகிவிட்டது. இவர்கள் இவ்வளவு நம்புகிறார்கள். இவர்களிடம் போய் எப்படிச் சொல்வது.

திரை கறுத்துவிட்டது. கரண்ட் போய்விட்டதா, இல்லை, ஸ்பீக்கர் பாடிக்கொண்டுதான் இருக்கிறது, வயலின் உருகுகிறது. ஓ, சிஸ்டர் கொர்னேலியாவின் வேலை. கேப்டனின் மனைவி கனவில் வந்து அவரை முத்தமிடுகிற இடமாக இருக்கும், ஆபரேட்டரிடம் அட்டையைக் கொடுத்து வைத்திருக்கிறார், லென்ஸை மறைக்கச் சொல்லி. பள்ளிக்கூடத்தில் வருஷக் கடைசியில் படம் போடும்போதும் இதே அட்டைதான், நாங்கள் இருட்டில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டு மீதியை நாங்களே போட்டுக்கொள்வோம், சிஸ்டர் மறைக்காமல் விட்டிருந்தால் அவ்வளவு யோசித்திருக்க மாட்டோம். பால்கனியில் பழைய மாணவிகளெல்லாம் குலுங்கிச் சிரிப்பது தெரிகிறது, எனக்கும் சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு பாதியில் நிற்கிறது. முதல் வரிசைகளில் நீல யூனிபார்ம்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அவர்களுக்குப் படம் நின்றுவிட்டது. வயலின் இல்லை, முத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை, யாருக்காகப் படம் போட்டார்களோ அவர்களுக்கு மட்டும் இருட்டு. என்ன ஆயிற்று என்று வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே பார்க்கிறார்கள், தியேட்டருக்குள் வெளிச்சம் இந்தக் கண்ணாடி ரூமின் பல்பு ஒன்றுதான். அத்தனை முகமும் என்னைப் பார்க்கின்றன. நான் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. ஒரு பெண் பிள்ளை, இரட்டைச் சடை, பலூனை முழங்காலுக்கு இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தி விரல்களைச் சிலுசிலுவென்று ஆட்டுகிறாள். பக்கத்தில் இருப்பவன் ஆட்டுகிறான். பிறகு எல்லோரும். படத்துக்கு முன்னால் மேடையில் பாட்டு முடிந்தபோதும் அவர்கள் இப்படித்தான் ஆட்டினார்கள், அதுதான் அவர்கள் கைதட்டு. ஜோவினுக்குக் கைதட்டுகிறார்கள். அவன் என் மடியில் எழுந்து நின்று கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, உடம்பு முழுக்கச் சிரிக்கிறான். பிறகு ஒரு கையை எடுத்து விரித்து விரித்து மூடுகிறான். இதை யார் இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அவன் இடுப்பை இறுக்கிப் பிடிக்கிறேன், பயத்தாலா என்று பார்க்கிறேன், முழுக்கப் பயம் இல்லை.

படம் திரும்ப வந்துவிட்டது, பிள்ளைகள் திரும்பிக்கொண்டார்கள். இப்போதுதான் அவர்களை நான் பார்க்கிறேன், வரும்போது விட்டதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறேன். பலூனோடு விளையாடவில்லை அவர்கள். நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறார்கள். பாட்டு வரும்போது கன்னத்தைச் சாய்க்கிறார்கள், பேச்சு வரும்போது நிமிர்கிறார்கள், ஐஸ் உடைகிற இடத்தில் இரட்டைச் சடைக்காரி தோளைக் குலுக்கிக்கொண்டு பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஐஸ் உடைவது திரையில் தெரிவதற்கு ஒரு கணம் முன்னால். திரையில் கப்பல் நகர்கிறது. ஊரே கரைக்கு ஓடுகிறது, பனியில் விழுந்து எழுந்து ஓடுகிறார்கள், கேப்டன் ஹாரன் கயிற்றைப் பிடிக்கிறார். இதுதான். இப்போதுதான். ஆண்டவரே. நான் ஜோவினைத் திரைக்கு முதுகு காட்டி என் பக்கமாகத் திருப்பி உட்காரவைக்கிறேன், அப்போதுதான் வெளிச்சத்தால் ஏமாற மாட்டேன். நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேர் கீழே இழுத்துக்கொள்கிறேன். அவன் பலூனை வேண்டும் என்று கை நீட்டுகிறான், கொடுத்தால் சோதனை கெட்டுவிடும், கொடுக்கவில்லை, என் கையிலேயே வைத்திருக்கிறேன். ஹாரன் வருகிறது. தலைக்கு மேலே, சுவரில், கண்ணாடியில், என் பல்லில். கண்ணாடிச் சட்டத்தில் தூசி உதிர்கிறது. பால்கனியில் பெண்கள் காதைப் பொத்துகிறார்கள். ஜோவின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் ஏன் இப்படி அவனைப் பார்க்கிறேன் என்று பார்க்கிறான். இமைகூட அசையவில்லை. ஹாரன் ஒருதடவை அடித்து ஓய்கிறது. தெரிந்துவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை, நாற்காலி நாற்காலியாகவே இருக்கிறது, என் மகன் என் மகனாகவே இருக்கிறான், என் மடியில் அதே கனம். ஆனால் என் கை. என் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது, கை இல்லை, கையில் இருக்கிற பலூன், ஹாரன் அடித்தபோது அதன் தோல் முழுக்க ஈ மொய்த்த மாதிரி துடித்தது, இப்போதுதான் அடங்குகிறது. கேப்டன் திரும்பவும் ஹாரனின் கயிற்றைப் பிடிக்கிறார். நான் யோசிக்கவில்லை. ஜோவினின் இரண்டு கையையும் எடுத்துப் பலூனில் வைத்து என் கையால் மூடி, அவன் கன்னத்தையும் அதில் சாய்த்தேன். ஹாரன் வந்தது. அவன் துள்ளினான். உதை இல்லை, துள்ளல், முழு உடம்பும். எனக்குத் தெரியும் இந்தத் துள்ளல், என் வயிற்றுக்குத் தெரியும். அன்றைக்கும் இவன் கேட்கவில்லை, தண்ணீருக்குள் இருந்துகொண்டு ஹாரனைத் தொட்டிருக்கிறான். என் ஒரே சாட்சியும் போய்விட்டது, போகிற போக்கில் வேறு எதையோ என் கையில் வைத்துவிட்டுப் போகிறது. அவன் வாயைப் பெரிதாகத் திறந்து, பலூனைக் கடிக்கிற மாதிரி முகத்தை அழுத்தி, இன்னும் இன்னும் என்று காலை உதைக்கிறான்.

திரையில் பெயர்கள் ஓடுகின்றன, விளக்குப் போட்டுவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு மாமி உள்ளே வந்தார்கள், வந்து என்னைப் பார்க்காமல் பலூனைப் பார்த்தார்கள்.

"மாமி, ஜோவினுக்குக் காது கேக்கலை."

சொல்லிவிட்டேன். மாமி பக்கத்துப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நா எதுக்குட்டி ரெண்டு மாசமா பாத்திரத்தப் போட்டு ஒடைக்கேன்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கரண்டி, மூடி, பித்தளைச் சட்டி, அதிர அதிரச் சாத்திய கதவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. எம் மேல கோவம்னு நெனச்சேன் மாமி என்றேன்.

"கோவம்னா வாயில சொல்ல மாட்டனா? எனக்கு வாய் இல்லையா?" என்று அதட்டிவிட்டு, அதட்டின அதே மூச்சில் அழுதார்கள். நா கடைக்குப் போனா நீ ஒரு பக்கம் தட்டப் போடுத, தெரு வரைக்கும் கேக்கு, நா ஒரு பக்கம் கரண்டியப் போடுதேன், எதுத்த வீட்டுக்காரி கேட்டுட்டா, என்ன பவுலினு, ஒங்க வீட்டுல மாமியா மருமவ சண்டை ஓயவே மாட்டக்கேன்னு. நர்ஸிடம் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லையாம், நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டதாம். அந்த டீச்சர் பலூனை அவர்கள் கையில் வைத்து அழுத்தினபோது மைக்கில் பேசுவது உள்ளங்கையில் வந்ததாம், அப்பத்தான் ஒன்னப் பாத்தேன், நீ கண்ணாடிக்குள்ள பிள்ளையப் பிடிச்சிக்கிட்டு இருந்த இருப்பு, எனக்குத் தாங்கலட்டி என்றார்கள். நான் அவர்கள் முழங்காலில் கையை வைத்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் அவர்களைத் தொட்டது வயிற்றில் வைக்கக் கையைப் பிடித்த அந்தப் புத்தாண்டு அன்றைக்கு மட்டும்தான்.

மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலூனை வாங்கி, தன் உதட்டுக்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, ஜோவின், ஏல ஜோவின் என்று கூப்பிட்டார்கள். அவன் மாமியின் வாயைப் பார்த்தான், பலூனைப் பார்த்தான், திரும்பவும் வாயைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனை எத்தனை பேர் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்போம், அது முதல் தடவையாக இப்போதுதான் அவனிடம் போய்ச் சேர்கிறது. சேவியோவிடம் நான் சொல்கிறேன் என்றேன். சேந்து சொல்லுவோம், அவன் பாதியில போன வச்சிருவான், எனக்குத் தெரியாதா எம் மவன என்றார்கள். கீழே நீல யூனிபார்ம்கள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள், எஸ்தர் டீச்சர் கதவுப் பக்கம் நின்று கையால் ஏதோ பேசிப் பேசி அவர்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். வாட்டி, அவ போயிருவா, பிடிப்போம் என்று மாமி ஜோவினை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். நான் கதவைத் திறந்தேன். செருப்பும் சிரிப்பும் நாற்காலி மடங்குகிற சத்தமும் மொத்தமாக உள்ளே வந்தன. ஜோவின் பலூனை விடவில்லை.